ஓரியூர் அருளானந்தரும் பாடப்படாத பெண்ணும்

முதுகலைத் தமிழ் வகுப்பில் கிறித்தவத் தமிழ் என்னும் பகுதிக்கு வந்தால், ஆசிரியர்களாகிய நாம் பழகிய தடத்திலேயே நடப்பது வழக்கம். தத்துவ போதகரின் உரைநடை, வீரமாமுனிவரின் சதுரகராதியும் தேம்பாவணியும், வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம், கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், போப்பையரின் மொழிபெயர்ப்புகள் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவோம். இந்த வரிசையில் அருளானந்தர் என்னும் பெயர் வருவதில்லை. காரணம் எளியது. காப்பியமோ அகராதியோ இயற்றிப் புகழ்பெற்றவர் அல்லர் அவர். நடந்தார், போதித்தார், வெட்டுண்டு இறந்தார். ஏடுகளை எண்ணிப் பழகிய நம் துறைக்கு அவரை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை போலும்.

நாம் கத்தோலிக்கர் அல்லர். எனினும் சில ஆண்டுகளாக இந்தப் பாதிரியாரின் வாழ்க்கை நம்மை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. அவருடைய துணிவு ஒரு காரணம். அவர் கதையின் நடுவே தோன்றி மறைந்துவிடும் ஒரு பெண் மற்றொரு காரணம். இக்கட்டுரை அந்த இருவரையும் பற்றியது.

*

ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1ஆம் நாள் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தார். தந்தை பிரேசிலில் ஆளுநர் பணியிலிருந்தபோது இறந்தார். பிள்ளை போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேத்ருவின் தோழனாக வளர்ந்தான். ஒருமுறை கடும் நோயில் விழ, தாய் புனித சவேரியாரை வேண்டிக்கொண்டார். பிழைத்தெழுந்த சிறுவன் நேர்ச்சையின்படி ஓராண்டுக் காலம் இயேசு சபைத் துறவியரின் உடையை அணிந்து அரண்மனைக்குள் உலவினான். நம் ஊரில் பழநிக்கு வேண்டிக்கொண்டு பிள்ளைக்குக் காவி உடுத்துவதில்லையா, அதுபோல. வேண்டுதலுக்காக உடுத்திய உடை பிறகு வாழ்க்கையாகவே ஆகிவிட்டது. 1662 டிசம்பரில், பதினைந்து வயதில், இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் குருப்பட்டம் பெற்று அவ்வாண்டே கப்பலேறிக் கோவா வந்தடைந்தார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

மதுரை மிஷன் என்றவுடன் ராபர்ட் தெ நொபிலியைச் சொல்லாமல் முடியாது. 1606இல் மதுரை வந்த நொபிலி, பறங்கியர் என்னும் பெயரே இம்மண்ணில் இழிவாகக் கருதப்படுவதைக் கண்டு, பிராமண சந்நியாசியின் கோலத்தை மேற்கொண்டார். பூணூல், காவி, மரக்கறி உணவு, வடமொழிக் கல்வி எல்லாம் சேர்ந்து அவரைத் தத்துவ போதகர் ஆக்கின. ஆனால் அந்தக் கோலத்துக்கு ஒரு விலை உண்டு. பிராமண சந்நியாசி தாழ்த்தப்பட்ட குலத்தார் வீட்டு வாசலில் நிற்க முடியாது. ஆகவே 1640 முதல் மிஷனில் வேறொரு வகைத் துறவியர் தோன்றினர். அவர்கள் பண்டாரசாமிகள். சைவப் பண்டாரங்களின் கோலத்தைத் தழுவிய இவர்கள் பிராமணரல்லாத குடிகளிடையே தடையின்றி நடமாட முடிந்தது. பிரிட்டோ தேர்ந்தெடுத்தது இந்த வழியை. காவி உடுத்தி, தலைப்பாகை கட்டி, தாடி வளர்த்து, கையில் தடி ஊன்றி நடந்தார். புலாலும் மதுவும் விலக்கினார். பெயரையும் மாற்றிக்கொண்டார். யோவான் என்னும் பெயரைத் தமிழ்க் கத்தோலிக்கர் அன்று அருளப்பர் என்றே வழங்கினர். மூலமொழியில் அப்பெயருக்கு இறைவன் அருள்கூர்ந்தான் என்பது பொருள். அந்த அருளோடு ஆனந்தம் சேர்ந்து அருளானந்தர் ஆயிற்று. பெயரைப் பொருளறிந்து பெயர்க்கும் இந்த நுட்பத்தை மொழிபெயர்ப்பு வகுப்பில் எடுத்துக்காட்டாகவே சொல்லலாம்.

நாம் குடியிருக்கும் நாவலூருக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து, சாலைக்கு ராஜீவ் காந்தி பெயர் வந்து, ஊரின் முகமே மாறிவிட்டது. ஆனால் இங்கிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் மயிலாப்பூர். தத்துவ போதகர் 1656இல் கண்மூடியது அங்கேதான். அருளானந்தர் இறந்தபோது மதுரை மிஷனின் தலைவராயிருந்து, அவருடைய மரணச் செய்தியை ஐரோப்பாவுக்கு எழுதியனுப்பிய பிரான்சிஸ்கோ லைனெஸ், பின்னாளில் மயிலாப்பூரின் ஆயரானார். மறவர் சீமையின் செம்மண்ணில் நடந்தது கடற்கரை வழியாக இங்கு வந்து, இங்கிருந்தும் கோவாவிலிருந்தும் கப்பலேறிப் போயிற்று.

*

செஞ்சி, தஞ்சைப் பகுதிகளில் பல்லாண்டு நடந்து திரிந்த அருளானந்தர், 1686இல் மறவர் நாட்டுக்குள் நுழைந்தார். அப்போது அங்கே ஆட்சி செய்தவர் ரகுநாத கிழவன் சேதுபதி. நுழைந்த சில மாதங்களில் பிடிபட்டார். கட்டிவைத்து அடித்தார்கள், நீரில் முக்கினார்கள், சிவ நாமம் சொல்லும்படி வற்புறுத்தினார்கள். கடைசியில் இராமநாதபுரத்தில் மன்னர் முன் நிறுத்தப்பட்டார். மன்னர் அவரைக் கொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்டார், உரையாடினார், இனி என் நாட்டில் போதிக்கலாகாது என்று ஆணையிட்டு விடுவித்தார். இந்த விடுதலையை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பயன்படும்.

அதன்பின் மிஷன் அலுவலாக லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். பழைய தோழர் பேத்ரு இப்போது மன்னர். தம் மகனுக்கு ஆசானாக இங்கேயே தங்கிவிடும்படி கேட்டுக்கொண்டார். அருளானந்தர் மறுத்தார். லிஸ்பனிலும் அவர் மரக்கறியே உண்டார், தரையில் படுத்தார் என்று அவர் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் தமிழர்க்காகப் பூண்ட வேடமென்றால் கப்பலேறியதும் கழற்றியிருக்கலாம். கழற்ற மனமில்லாதபோது அது வேடமில்லை. 1690இல் மீண்டும் கப்பலேறினார். தடுக்கப்பட்ட நாட்டுக்கே திரும்பி வந்தார்.

அடுத்து நடந்ததுதான் கதையின் முடிச்சு. சிறுவல்லித் தலைவர் தடியத்தேவர் மறவர் அரச குடும்பத்தைச் சார்ந்தவர். சேது நாட்டு அரியணைக்கு உரிமை உடையவர் என்றும் சொல்லப்பட்டவர். கடும் நோயுற்ற அவருக்கு உபதேசியார் ஒருவர் நற்செய்தி வாசகம் ஓதி வேண்டிக்கொள்ள, நோய் நீங்கியது என்கிறார்கள். தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் உடனே இசையவில்லை. தேவருக்கு மனைவியர் பலர். திருச்சபைச் சட்டப்படி ஒருத்தியை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். தேவர் அதற்கும் உடன்பட்டார். மற்றவர்களை உடன்பிறந்தாராக நடத்திப் பேணுவதாக அவர் சொன்னதாகச் சில வரலாறுகள் கூறும். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களுள் இளையவள் சேதுபதியின் உடன்பிறந்தார் வழி மகள். அவள் பெயர்கூட நூலுக்கு நூல் வேறுபடுகிறது. நாம் இங்கே கடலாயி என்று கொள்வோம். கடலாயி சேதுபதியிடம் சென்று முறையிட்டாள். இரண்டே நாளில் அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்தில் சிறை. பின்பு அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், பாம்பாற்றங்கரையில் உள்ள ஓரியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிப்ரவரி 3ஆம் நாள் சிறையிலிருந்து தம் சபையாருக்குக் கடைசிக் கடிதங்கள் எழுதினார். அச்சத்தின் சாயல் சிறிதுமில்லாத கடிதங்கள் அவை. மறுநாள், பிப்ரவரி 4, தலை வெட்டப்பட்டது. கையும் காலும் துணிக்கப்பட்டு உடல் கழுமரத்தில் கட்டப்பட்டது. அன்று விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அவருக்கு வயது நாற்பத்தைந்து.

நாற்பதுகளில் இருக்கும் நமக்கு இந்த வயது உறைக்கிறது. அரண்மனையில் ஆசானாக அமர்ந்து முதுமையடைந்திருக்கக் கூடிய ஒருவர், இருமுறை கடல் கடந்து வந்து, பனையும் உடைமுள்ளும் நிறைந்த ஒரு கரையில் மண்டியிட்டார். நம்புகிறவர்க்கு இது மறைசாட்சி. நம்பாதவர்க்கும் இது தலைகுனிய வேண்டிய ஒன்றுதான்.

*

வகுப்பில் பாடத்துக்கு அப்பாற்பட்டு ஒருநாள் இந்த வரலாற்றைச் சொன்னோம். முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், அந்த மனைவிங்க எல்லாம் அப்புறம் என்ன ஆனாங்க?" என்றாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் படித்த அருளானந்தர் வரலாறுகளில் கடலாயி வெகுண்டெழும் பெண்ணாக வருகிறாள். முறையிடுகிறாள், பழிவாங்குகிறாள், அதோடு கதை அவளை விட்டுவிடுகிறது. பங்குகளில் நடிக்கப்படும் நாடகங்களிலும் அவளுக்குக் கிடைப்பது வில்லி வேடமே. விரித்த கூந்தலும் உருட்டிய விழியுமாக மேடையேறுவாள்.

இந்தச் சித்திரம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கையில் விவிலியத்தில் இதன் அச்சு தட்டுப்படுகிறது. ஏரோது மன்னன் தன் உடன்பிறந்தானின் மனைவியை வைத்துக்கொண்டது முறையன்று என்று கண்டித்தவர் திருமுழுக்கு யோவான். அந்தப் பெண் ஏரோதியாள் அவர்மேல் சினங்கொண்டாள். யோவான் சிறைப்பட்டார், தலை வெட்டப்பட்டது. போதகர், மண ஒழுக்கம், சினந்த பெண், மன்னன், வெட்டப்பட்ட தலை. நம் பாதிரியாரின் பெயரும் யோவான்தான்! அருளானந்தரின் மரணச் செய்தியை வாசித்த ஐரோப்பியத் துறவியர்க்கு இந்த ஒப்புமை கண்ணில் படாமல் இருந்திருக்காது. பழைய அச்சில் புதிய உலோகத்தை ஊற்றுவது புனிதர் வரலாறு எழுதுவோரின் மரபு. நம் பெரியபுராணத்துக்கும் தலபுராணங்களுக்கும் அது பொருந்தும். ஆனால் கடலாயி ஏரோதியாள் அல்லள். ஏரோதியாள் முறைகெட்ட மணத்தில் இருந்தவள் என்பதே யோவானின் குற்றச்சாட்டு. கடலாயி தன் குலமுறைப்படி, ஊரறிய, தாலி கட்டிக்கொண்டு வந்தவள். ஒருநாள் காலையில் அவளிடம், நீ இனி மனைவி அல்ல என்று சொல்லப்படுகிறது. அவள் செய்த பிழை என்ன?

சேதுபதியையும் வெறும் மதவெறியராகக் காட்டிவிட முடியாது. கீழக்கரைப் பெருவணிகர் சீதக்காதி வள்ளல் இந்த மன்னரின் நெருங்கிய நண்பர். சீதக்காதியின் ஆதரவில்தான் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கினார். ஓர் இசுலாமியரைத் தோளோடு தோள் சேர்த்துக்கொண்ட மன்னர், 1686இல் இதே பாதிரியாரை உரையாடி விடுவித்தவர், ஏழாண்டில் கொலை ஆணையிடும் அளவுக்கு மாறியது ஏன்? சமயம் மட்டும் இதற்கு விடையாகாது. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவர் புதிய கூட்டத்தின் துணையைப் பெறுகிறார். அதே மூச்சில் தம் குடும்பத்துப் பெண் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறாள். மறவர் சீமையில் மணம் என்பது இரு பாளையங்களுக்கு இடையிலான உடன்படிக்கை. மணத்தை முறித்தால் உடன்படிக்கையும் முறிகிறது. மன்னர் காதில் விழுந்தது ஒரு பெண்ணின் அழுகை மட்டுமன்று.

இதைச் சொல்வதால் கொலையை நியாயப்படுத்துகிறோம் என்று யாரும் கொள்ள வேண்டாம். ஒரு துறவியைக் கழுவில் கட்டியதற்கு எந்த நியாயமும் இல்லை. அருளானந்தர் பக்கத்திலும் பெரியதொரு நியாயம் உண்டு. பலதார மணம் அக்காலப் பெண்களுக்கு என்ன செய்தது என்பதற்கு இந்தச் சேதுபதியின் அரண்மனையே சான்று. 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாகச் சொல்லப்படுகிறது. நாற்பத்தேழு பெண்கள்! ஒருவனுக்கு ஒருத்தி என்ற விதியை அந்த மண்ணில் உரக்கச் சொன்னவரை நாம் எளிதில் குறை சொல்லிவிட முடியாது. அந்த விதி வேரூன்றியிருந்தால் அத்தனை பெண்கள் அந்தத் தீயில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஆனால் விதி எவ்வளவு நல்லதாயினும், அது வந்து இறங்கும் நாளில் யாரோ ஒருவர் அதன் அடியில் சிக்குகிறார். தடியத்தேவர் மனந்திரும்பியதற்கான விலையைத் தடியத்தேவர் மட்டும் கொடுக்கவில்லை. அவருடைய வீட்டுப் பெண்கள் கொடுத்தார்கள். பின்னர் அருளானந்தரும் கொடுத்தார். பாதிரியார் தாம் கொடுப்பதை அறிந்தே கொடுத்தார். பெண்களை யாரும் கேட்கவில்லை.

*

இங்கே நமக்குப் புறநானூறு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தி வீட்டில் வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அந்தப் பெண்ணுக்காக அவனிடம் போனார்கள். 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் அவை. பரிசில் கேட்கப் போன இடத்தில், பொன்னும் பொருளும் எங்களுக்கு வேண்டாம், இன்றே தேர் பூட்டி அவளிடம் போ, அதுவே எங்களுக்குப் பரிசில் என்றார்கள். வறுமையில் வாடும் புலவன் தனக்குரியதை விட்டுவிட்டு, கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணீரை எடுத்துக்கொண்டு அரசன் முன் நிற்கிறான். உலக இலக்கியத்தில் இதற்கு இணையாக எத்தனை கிடைக்கும் என்று தெரியவில்லை. அந்த மரபின் பிள்ளைகள் நாம்.

கடலாயிக்கு ஒரு கபிலர் இல்லை. சேதுபதிகளின் அவையில் புலவர்களுக்குப் பஞ்சமில்லை. கோவையும் உலாவும் வண்ணமும் கேட்ட அவை அது. அவளுக்காகப் பேச அவளுடைய சிற்றப்பன் வாள்தான் இருந்தது. சொல்லால் பேசப்படாத துயரம் வாளால் பேசியது. நான்கு புலவர்கள் தடியத்தேவரிடமும் அருளானந்தரிடமும் போய் நின்றிருந்தால் ஓரியூர்க் கதை வேறுவிதமாக முடிந்திருக்குமோ? வரலாற்றில் இப்படிக் கேட்பது முறையன்று. இலக்கியத்தில் கேட்கலாம்.

*

ரோமையில் அருளானந்தரின் வழக்கு நெடுங்காலம் நடந்தது. காவி உடுத்துப் பண்டாரமாக வாழ்ந்ததே அங்கு ஒரு சிக்கலாயிற்று. இந்து வழக்கங்களைக் கிறித்தவத்துக்குள் ஏற்கலாமா என்னும் மலபார்ச் சடங்குகள் பூசலில் அவர் பெயர் சிக்கிக்கொண்டது. 1741இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அது தடையாகாது என்று தீர்ப்பளித்தார். 1853இல் அருளாளர் பட்டம். 1947 ஜூன் 22ஆம் நாள், இந்திய விடுதலைக்கு இரு மாதங்களே இருந்தபோது, பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மறவர் சீமைக்கு அந்த இருநூற்றைம்பது ஆண்டுக் காத்திருப்பு தேவைப்படவில்லை. நம் அடுக்ககத்தின் காவலர் திருவாடானைப் பக்கத்தவர், முருக பக்தர். ஒருமுறை நான்கு நாள் விடுப்பு கேட்டார். "எங்க அண்ணே, திருச்செந்தூரா?" என்றோம். "இல்ல சார், ஓரியூரு. பேரனுக்கு முடி எறக்கி, கெடா வெட்டணும். போன வருசமே வேண்டுனது" என்றார். "அது கிறித்தவக் கோயிலாயிற்றே?" என்றோம். "அதனால என்ன சார்? அவரு எங்க சாமி" என்றார்.

ஓரியூரில் இது புதிதன்று. பல சமயத்தாரும் வருகிறார்கள், பெரும்பாலோர் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். மறவர் குடும்பங்கள் திரளாக வருகின்றன. மொட்டை போடுகிறார்கள், கிடா வெட்டி ஊருக்குச் சோறு போடுகிறார்கள், அவர் இரத்தத்தால் சிவந்ததென்று நம்பும் மண்ணை முடிந்து எடுத்துப் போகிறார்கள். வாழ்நாள் எல்லாம் புலால் தொடாத பண்டாரசாமிக்குக் கிடா விருந்து! மேலோட்டமாகப் பார்த்தால் முரணாகத் தோன்றும். நம் நாட்டார் சமய மரபை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. அநியாயமாக வெட்டுண்டவரை வெட்டிய ஊரே தெய்வமாக்கிக் கும்பிடும். மதுரை வீரனும் காத்தவராயனும் அப்படி வந்த சாமிகள்தாம். பழியைப் படையலாக மாற்றிக்கொள்ளும் வழி அது. லிஸ்பன் அரண்மனைப் பிள்ளை மறவர் சீமையின் குலசாமிகளுள் ஒருவராக ஆனது ரோமையின் முத்திரையால் மட்டும் அன்று.

வெட்டுண்டவருக்குச் சாமியாகும் வழி நம்மிடம் இருக்கிறது. எரியுண்ட பெண்ணுக்கும் இருக்கிறது. தீப்பாய்ந்த அம்மன்கள் ஊருக்கு ஊர் உண்டு. சாகாமல், எரியாமல், விலக்கப்பட்டு மட்டும் நின்ற பெண்ணுக்கு நாட்டார் மரபிலும் பீடமில்லை, திருச்சபை மரபிலும் இடமில்லை. அவளுக்கு இடம் கொடுக்கக்கூடியது இலக்கியம் ஒன்றே. புறநானூற்றின் ஐந்து பாடல்களில் அந்த இடம் ஒருமுறை கொடுக்கப்பட்டது.

மறவர் சீமையிலிருந்து கதை எழுதும் இளைஞர்கள் பலர் இப்போது இருக்கிறார்கள். அருளானந்தரின் கடைசி மாதத்தை யாரேனும் எழுதப் புகுந்தால், ஓரியூர்க் கரையில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வோம். ஜனவரி 6ஆம் நாள் மாலை, தடியத்தேவர் வீட்டின் உட்கட்டில், விளக்கேற்றிய பிறகு யாரும் வராத ஓர் அறையில் தொடங்கலாம். அவ்வாறு எழுதினால் பாதிரியாரின் பெருமை சிறிதும் குறையாது. அவர் தலை கொடுத்தது எவ்வளவு சிக்கலான ஒன்றுக்காக என்பது அப்போதுதான் நமக்கு முழுமையாக விளங்கும்.